முதல் கிராக்கி நம் வீடுதான்

நியூ சவுத் வேல்ஸில் கூரையில் சோலார் பலகையும் சுவரோரம் பேட்டரியும் வைத்திருக்கிற, வைக்கப்போகிற தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள உறவுகளுக்கு,



சனிக்கிழமைத் தமிழ்ப்பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் பெற்றோரின் பேச்சு வீட்டு விலையிலிருந்து பேட்டரிக்கு மாறி வெகுநாளாகிறது. "நேற்றுச் சாயங்காலம் மட்டும் எழுபது டாலர்" என்று ஒருவர் கைப்பேசியைக் காட்டுகிறார். அடுத்த வாரம் இன்னும் இரண்டு மூன்று பேர் கொட்டேஷன் வாங்கி வந்துவிடுகிறார்கள். அவர் காட்டிய தொகை பொய்யில்லை. ஆனால் ஆண்டில் அப்படிப்பட்ட மாலைகள் எத்தனை, மற்ற மாலைகளில் அந்த பேட்டரி என்ன செய்தது, காசு கொட்டிய அன்று இரவு அதில் மிச்சம் என்ன இருந்தது என்பதையெல்லாம் அந்தத் திரை காட்டாது. அவற்றைக் கேட்காமல் பத்தாயிரம் டாலரை இறக்கிவிடாதீர்கள் என்று சொல்லவே இம்மடல்.

பேட்டரி வேண்டாம் என்பது என் கட்சியில்லை. வாங்கலாம், மின்சாரத்தை விற்கவும் செய்யலாம். ஆனால் அந்த பேட்டரிக்கு மிக நல்ல விலை கொடுக்கும் கிராக்கி பெரும்பாலான நாட்களில் உங்கள் வீடுதான். கிரிட் என்பது எப்போதாவது வந்து அள்ளிக் கொடுத்துவிட்டுப் போகும் கிராக்கி. இந்த வரிசையை மாற்றிக்கொள்பவர்கள்தான் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

ஏன் இப்போது இவ்வளவு பேச்சு என்பது உங்களுக்குத் தெரியும். 2025 ஜூலை 1 அன்று கூட்டாட்சி அரசின் வீட்டு பேட்டரி மானியம் தொடங்கியது. விலையில் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பேட்டரிகள் சுவரேறின. மானியம் பெறும் பேட்டரி, வி.பி.பி. எனப்படும் மெய்நிகர் மின்நிலையத்தில் இணையும் வசதி கொண்டதாக இருக்க வேண்டும். வசதி இருந்தால் போதும், சேர்ந்தே ஆக வேண்டும் என்பதில்லை. சேர்ந்தால் நம் மாநிலத்தில் 2025இல் பேட்டரியின் அளவைப் பொறுத்து 1,500 டாலர் வரை தனியாக ஊக்கத்தொகை கிடைத்தது. விற்பனைக்காரர்கள் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதால், சேர்வது கட்டாயம் என்று பலர் நம்பிக் கையெழுத்துப் போடுகிறார்கள்.

இங்கே நீண்ட நாள் இருப்பவர்களுக்கு ஒரு பழைய கதை நினைவிருக்கும். 2010 ஜனவரி 1 முதல், கூரையில் விளையும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 60 சென்ட் தருவதாக மாநில அரசு அறிவித்தது. வீட்டிலேயே செலவழித்த யூனிட்டுக்கும் சேர்த்துத்தான். கூட்டம் அலைமோதியது. அதே ஆண்டு அக்டோபரில் புதிதாகச் சேர்பவர்களுக்கு 20 சென்ட் என்று வெட்டினார்கள். 2011இல் கதவைச் சாத்தினார்கள். 2016 டிசம்பர் 31ஓடு பழையவர்களுக்கும் முடிந்தது. பகல் வெயிலில் கிரிட்டுக்குப் போகும் யூனிட்டுக்கு மாநில விலை ஒழுங்காற்று மன்றமான ஐபார்ட் 2025-26க்குக் குறித்த அளவுகோல் விலை 4.8 முதல் 7.3 சென்ட் வரை. பக்கத்து விக்டோரியாவில் அதே ஆண்டுக்கு நிர்ணயித்த குறைந்தபட்ச விலை 0.04 சென்ட், ஒரு சென்ட்டில் இருபத்தைந்தில் ஒரு பங்கு.

யாரும் ஏமாற்றவில்லை. நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கூரைகள் ஒரே பன்னிரண்டு மணிக்கு ஒரே வெயிலை மின்சாரமாக்கினால், விளைச்சல் காலத்துத் தக்காளிக்கு நேர்வதுதான் அதற்கும் நேரும். தட்டுப்பாடு இருக்கும் நேரத்துக்குத்தான் விலை. இன்று அந்தத் தட்டுப்பாடு மாலையில் இருக்கிறது. வெயில் இறங்குகிறது, மக்கள் வீடு திரும்புகிறார்கள், அடுப்பும் ஏ.சி.யும் ஒன்றாக ஓடுகின்றன. அந்த நேரத்தைத் தாங்கி வந்த நிலக்கரி நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடுகின்றன. ஹண்டர் பகுதியின் லிட்டெல் 2023 ஏப்ரலில் நின்றது. பகலில் சேர்த்து மாலையில் கொடுப்பவனுக்கு ஆதாயம் உண்டு என்பதன் அடிப்படை இதுதான். ஆனால் நாட்டில் பாதிப் பேர் அதையே செய்யத் தொடங்கினால் மாலைத் தட்டுப்பாடும் தணியும், விலையும் தணியும். இன்றைய மாலை விலையைப் பத்தாண்டுக்கு நீட்டிப் போட்ட கணக்கு எதுவாக இருந்தாலும் நம்பாதீர்கள்.

இனி சந்தை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். குயின்ஸ்லாந்திலிருந்து டாஸ்மேனியா வரை நீளும் தேசிய மின்சந்தையில் 2021 அக்டோபர் 1 முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒரு விலையில் கணக்குத் தீர்க்கிறார்கள். 2025-26இல் அதன் உச்சவரம்பு மெகாவாட் மணிக்கு 20,300 டாலர். நம் மொழியில் யூனிட்டுக்கு 20 டாலர் 30 சென்ட். கீழ்வரம்பு பூஜ்யத்துக்கும் கீழே, யூனிட்டுக்கு மைனஸ் ஒரு டாலர். வெயில் நிறைந்த வசந்தகாலப் பகல்களில் விலை பூஜ்யத்துக்குக் கீழே போவது வாடிக்கை. அப்போது விற்பவன் காசு கொடுக்க வேண்டும், வாங்குபவனுக்குக் காசு வரும்.

உச்சவரம்பைக் கேட்டதும் கண் விரியும். கொஞ்சம் பொறுங்கள். ஒற்றை ஃபேஸ் இணைப்புள்ள பல வீடுகள் கிரிட்டுக்கு அனுப்பக்கூடிய அளவு 5 கிலோவாட்தான். ஒரு மணி நேரம் முழுக்க விலை உச்சத்திலேயே நின்றால் 101 டாலர் 50 சென்ட் வரும். ஆனால் பல எகிறல்கள் ஐந்து, பத்து நிமிடத்தில் அடங்கிவிடும். ஐந்து நிமிட உச்சத்துக்கு உங்கள் பங்கு 8 டாலர் 46 சென்ட். அதுவும் மொத்த விலையை அப்படியே உங்களுக்குக் கைமாற்றும் திட்டத்தில் நீங்கள் இருந்தால். விலை நாள் கணக்கில் எகிறிக்கொண்டே போனாலும் அதற்கு ஒரு மூடி இருக்கிறது. 2022 ஜூனில் அப்படி நடந்தபோது கட்டாய வரம்பு விழுந்து விலை யூனிட்டுக்கு 30 சென்ட்டில் நிறுத்தப்பட்டது. ஜூன் 15 அன்று சந்தையையே இடைநிறுத்தினார்கள்.

சாதாரண நாளின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உங்கள் வீடு மாலையிலிருந்து விடியும் வரை 10 யூனிட் இழுக்கிறது என்றும், கிரிட்டிலிருந்து வாங்கினால் யூனிட் 35 சென்ட் என்றும், பகலில் விற்றால் 5 சென்ட் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியில் போட்டு எடுக்கும்போது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கரையும். எனவே 10 யூனிட் எடுக்க 11 யூனிட் போட வேண்டும். பகலில் விற்காமல் விட்டது 55 சென்ட், மாலையில் வாங்காமல் தப்பியது 3 டாலர் 50 சென்ட். மிச்சம் 2 டாலர் 95 சென்ட். மழை நாட்களைக் கழித்துப் பார்த்தாலும் ஆண்டுக்கு ஆயிரம் டாலரை ஒட்டி வரும். யாரோடும் ஒப்பந்தம் இல்லை, திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

அதே 10 யூனிட்டை மாலை ஆறு மணிக்கு 20 சென்ட்டுக்கு விற்றுவிட்டால் கைக்கு 2 டாலர் வரும். கைப்பேசியில் பச்சை நிறத்தில் தெரியும். பிறகு இரவுக்கு அதே 10 யூனிட்டை 35 சென்ட்டுக்கு வாங்க வேண்டும். ஒவ்வொரு யூனிட்டிலும் 15 சென்ட் போயிற்று. ஆகவே, இரவுக்குத் தேவையான யூனிட்டைத் திரும்ப வாங்கும் விலைக்கு மேல் கிடைத்தால் மட்டும் விற்க வேண்டும். தேவைக்கு மிஞ்சி, மறுநாள் வெயில் வரும்வரை சும்மா கிடக்கப்போகும் யூனிட் இருந்தால் மட்டும் அதைவிடக் குறைவாகவும் விற்கலாம். இந்த இரண்டு விதிக்குள் அடங்கும் மாலைகளை உங்கள் பழைய பில்லை வைத்து எண்ணிப் பாருங்கள். பேட்டரி விற்பவர் சொன்ன எண்ணிக்கைக்கும் உங்கள் எண்ணிக்கைக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பது தெரிந்துவிடும்.

மொத்த விலைத் திட்டத்தில் சேர்பவர்கள் இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். 20 டாலருக்கு விற்கலாம் என்று திறக்கும் அதே கதவுதான் 20 டாலருக்கு வாங்கவும் வைக்கும். பேட்டரி காலியான பின் விலை உச்சத்தில் நிற்க, 3 கிலோவாட் ஏ.சி. ஒரு மணி நேரம் ஓடினால் 60 டாலருக்கு மேல் போய்விடும். வீட்டில் கைக்குழந்தையோ, வெக்கை தாங்காத அப்பா அம்மாவோ இருந்தால் ஏ.சி.யை நிறுத்தவும் முடியாது. திரையைப் பார்த்து நடக்க ஆளும், நடுத்தரமான பேட்டரியும், ஒரு மாத நட்டத்தைத் தாங்கும் கையிருப்பும் உள்ளவர்களுக்கு அந்தத் திட்டம் பொருந்தும். மற்றவர்களுக்கு, பகலில் சில மணி நேரம் இலவசமாகவோ மலிவாகவோ ஏற்றிக்கொண்டு மாலையில் நிலையான விலைக்கு வாங்கிக்கொள்ளும் திட்டம்தான் நிம்மதி. சிட்னியின் கிழக்கிலும் வடக்கிலும் கம்பி வைத்திருக்கும் ஆஸ்கிரிட், 2025 ஜூலை முதல் பகல் 10 முதல் 3 வரை அளவுக்கு மேல் அனுப்பும் யூனிட்டுக்கு ஒரு சென்ட்டுக்குச் சற்று மேல் கட்டணமும், மாலை 4 முதல் 9 வரை அனுப்பினால் இரண்டு சென்ட்டுக்குச் சற்று மேல் வெகுமதியும் வைத்திருக்கிறது. தொகை சிறிது. ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது அதில் தெரிகிறது.

இனி புயல். 2024 பிப்ரவரி 13 அன்று விக்டோரியாவில் அடித்த காற்றில் அனாக்கி அருகே உயரழுத்தக் கோபுரங்கள் சாய்ந்தன. லோய் யாங் ஏ நிலக்கரி நிலையம் கழன்றது. மொத்த விலை அன்றைய உச்சவரம்புக்கு எகிறியது. அதே பிற்பகலில், அதே மாநிலத்தில், ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளிலும் கடைகளிலும் மின்சாரம் போயிற்று. இந்த இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். பேட்டரிக்குச் சந்தை அள்ளிக் கொடுக்கும் நாளும், அது உங்கள் வீட்டுக்கு மிகவும் தேவைப்படும் நாளும் ஒன்றாகவே வரலாம். தானாக விற்கும் மென்பொருளுக்கு உங்கள் குளிர்பெட்டியில் இன்சுலின் இருப்பது தெரியாது. அதற்குத்தான் கையிருப்பு அளவு என்ற ஒரு அமைப்பு இருக்கிறது. அதை 20 சதவீதத்திலோ 30 சதவீதத்திலோ நீங்களே வைத்துவிடுங்கள். உங்கள் திட்டம் அதை மாற்ற விடுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். கிரிட் போனாலும் வீடு ஓட வேண்டுமானால் பேட்டரி இருந்தால் மட்டும் போதாது. அதற்கான மாற்று இணைப்பையும் சேர்த்துப் பொருத்தியிருக்க வேண்டும். கொட்டேஷனில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது உத்தரவாதம். எடுத்துக்காட்டுக்கு, இங்கே பல வீடுகளில் இருக்கும் டெஸ்லா பவர்வால் 2இன் பத்திரத்தை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு 13.5 யூனிட், உத்தரவாதம் 10 ஆண்டு. சொந்த சோலாரைச் சேர்த்துச் சொந்த வீட்டுக்குச் செலவழிக்கவும் மின்வெட்டுக்குக் காக்கவும் மட்டும் பயன்படுத்தினால், அந்தப் பத்தாண்டில் எத்தனை முறை ஏற்றி இறக்கினாலும் வரம்பில்லை. வேறு பயன்பாடு எதற்கும் 37.8 மெகாவாட் மணி என்ற வரம்பு உண்டு. அதாவது 37,800 யூனிட். நாளுக்குப் பிரித்தால் 10 யூனிட்டுக்குச் சற்று அதிகம். மானியம் போக 9,000 டாலர் கொடுத்திருந்தால், உத்தரவாதத்துக்குள் வரும் ஒவ்வொரு யூனிட்டும் பேட்டரியின் தேய்மானமாக ஏறக்குறைய 24 சென்ட் சுமக்கிறது. சும்மா வைத்திருந்தாலும் பேட்டரிக்கு வயதாகும் என்பது உண்மை. ஆகவே அந்த 24 சென்ட் முழுவதையும் விற்பனையின் தலையில் கட்டக் கூடாது. ஆனாலும் 12 சென்ட்டுக்கும் 15 சென்ட்டுக்கும் தினமும் இரண்டு முறை காலி செய்யும் திட்டம் யாருக்கு லாபம் என்று யோசியுங்கள். ஒவ்வொரு நிறுவனத்தின் பத்திரமும் ஒவ்வொரு மாதிரி. வாங்கும் முன் படிக்க வேண்டிய தாள் அதுதான். விளம்பரத் தாள் இல்லை.

வி.பி.பி. என்பது ஏமாற்று வேலை என்று சிலர் சொல்கிறார்கள். அதுவும் தவறு. 2018இல் தெற்கு ஆஸ்திரேலிய அரசும் டெஸ்லாவும் 50,000 வீடுகளை இணைக்கும் கனவோடு ஒரு திட்டத்தைத் தொடங்கின. அது இன்னும் சிறியதாக இருந்தபோதே, 2019 அக்டோபர் 9 அன்று, குயின்ஸ்லாந்தின் கோகன் கிரீக் நிலக்கரி நிலையம் திடீரெனக் கழன்று 748 மெகாவாட் மறைந்தது. 50 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டிய அலைவெண் 49.61க்கு இறங்கியது. அடிலெய்டு வீடுகளின் சுவரில் இருந்த பேட்டரிகள் அதைத் தாமே உணர்ந்து மின்சாரத்தைப் பாய்ச்சின. நூற்றுக்கணக்கான மைல் தள்ளி நடந்த விபத்துக்கு வீட்டுச் சுவர் கைகொடுத்தது. இந்தச் சேவைக்குச் சந்தையில் தனி விலை இருக்கிறது. அதைத் தனியொரு வீடு போய் விற்க முடியாது. பல வீடுகளைத் திரட்டுபவர் மூலம்தான் முடியும். ஆகவே திரட்டுபவருக்கு ஒரு பங்கு போவது நியாயம். எவ்வளவு பங்கு, சாவி யார் கையில் என்பதுதான் கேள்வி.

கையெழுத்துக்கு முன் ஐந்தே விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள். ஒன்று, ஆண்டுக்கு எத்தனை முறை, எத்தனை யூனிட் வரை அவர்கள் எடுக்கலாம். இரண்டு, எடுக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் தருகிறார்களா, மாதத்துக்கு மொத்தமாகத் தருகிறார்களா. காசாகவா, பில்லில் கழிவாகவா. மூன்று, கையிருப்பை நான் வைக்கலாமா, ஒரு நாள் மட்டும் 'இன்று வேண்டாம்' என்று சொல்லலாமா. நான்கு, வெளியேற என்ன செலவு. மானியத்தையோ ஊக்கத்தொகையையோ திருப்பித் தர வேண்டி வருமா. ஐந்து, அவர்கள் ஏற்றி இறக்குவதால் உற்பத்தியாளரின் உத்தரவாதம் குறையுமா, குறைந்தால் ஈடு யார். இவற்றுக்கு வாயால் மட்டும் பதில் சொல்பவரிடம் வாங்காதீர்கள். தமிழில் இனிக்கப் பேசுகிறார் என்பதற்காகவும் வாங்காதீர்கள்.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொடக்கத்தில் மானியம் 50 யூனிட் வரை ஒரே விகிதத்தில் கிடைத்ததால், இரவில் 10 யூனிட் இழுக்கும் வீட்டில் 40 யூனிட் பேட்டரி ஏறியது. 'மிச்சத்தை விற்றுக்கொள்ளலாம்' என்றார்கள். அவ்வளவையும் குளிர்காலத்தில் நிரப்பப் பலகை போதாது, 5 கிலோவாட் வழியில் வெளியே அனுப்ப எட்டு மணி நேரம் ஆகும், அந்த எட்டு மணி நேரமும் விலை உயர்ந்து நிற்காது. 2026 மே 1 முதல் 14 யூனிட்டுக்கு மேற்பட்ட பகுதிக்கு மானியம் படிப்படியாகக் குறையும்படி அரசு மாற்றியதன் பின்னணியும் இந்தப் பெருத்த பேட்டரிகள்தான். மின்கார் இருக்கிறது, வாங்கப்போகிறீர்கள் என்றால் பெரிது தேவைப்படலாம். இல்லையென்றால் உங்கள் இரவுத் தேவைக்குச் சற்று மேல் போதும்.

கடைசியாக, பேட்டரி இல்லாதவர்களைப் பற்றி. வென்ட்வொர்த்வில்லிலும் டூங்காபியிலும் வாடகை அடுக்ககத்தில் இருக்கும் நம்மவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்குக் கூரை சொந்தமில்லை. அன்றைய 60 சென்ட் திட்டத்தின் செலவு, மின்கட்டணம் வழியாகப் பலகை வைக்காதவர் தலையிலும் விழுந்தது. இம்முறை அப்படி ஆக வேண்டியதில்லை. ஒவ்வொரு ஐந்து நிமிடத்திலும், தேவையை நிறைவு செய்யக் கடைசியாக அழைக்கப்படும் நிலையம் கேட்ட விலைதான் எல்லோருக்குமான மொத்த விலை. ஆயிரமாயிரம் வீடுகள் அந்த நேரத்தில் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்தால், மிக விலை கூடிய எரிவாயு நிலையத்தை அழைக்காமலேயே சமாளிக்கலாம். அந்தக் குறைவின் பலன் கூரை இல்லாதவரையும் போய்ச் சேர வழியுண்டு. நெருக்கடி மாலையில் நாம் விற்பதில் ஊர்நன்மை இருக்கிறது. ஆகவே விற்காதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டுக்கு எடுத்து வைத்துவிட்டு விற்போம் என்கிறேன்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஏற்கனவே பேட்டரி வைத்திருப்பவர்கள், ஓர் ஆண்டு நிறைந்ததும் முழுக் கணக்கையும் நாலு பேர் அறியச் சொல்லுங்கள். போட்ட முதல், வந்த மானியம், வாங்கிய யூனிட், விற்ற யூனிட், மாதச் சந்தா, மின்வெட்டில் கைகொடுத்ததா இல்லையா என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள். ஒரு மாலையின் எழுபது டாலரைவிட அந்த ஒரு தாள் அடுத்து வாங்கப்போகும் குடும்பத்துக்கு உதவும். வாங்கப்போகிறவர்கள், அப்படி ஒரு தாளையாவது பார்க்காமல் முன்பணம் கட்டாதீர்கள்.

அன்புடன்,
மேற்குச் சிட்னியிலிருந்து உங்களில் ஒருவன்